வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்கும் வழியில் சறுக்கும் இடங்கள்

40 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். மூன்று வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் கையைவிட்டுப் போயிருக்கும். அசலில் எவ்வளவு குறைந்திருக்கும்? 2 லட்சத்து 60 ஆயிரம். மற்றதெல்லாம் வட்டி.

எங்கள் கடனின் தவணைப் பட்டியலை முதன்முதலில் வரிவரியாகப் பார்த்த அன்று என் கணவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மறுநாளே “எப்படியாவது சீக்கிரம் முடித்துவிட வேண்டும்” என்று கிளம்பினோம். அந்த வேகத்தில் நாங்கள் செய்த தவறுகளும், பின்னர் உறவினர் வீடுகளில் நான் பார்த்த தவறுகளும்தான் இங்கே இருக்கின்றன. வருமானம் குறைவாக இருந்ததால் தடுமாறியவர்களைவிட, வீட்டுக் கணக்கைத் தப்பாகப் போட்டுத் தடுமாறியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மாதச் செலவை மட்டும் எழுதுவது

எங்கள் முதல் கணக்கு மிக அழகாக இருந்தது. மளிகை, பால், காய்கறி, எரிவாயு, பெட்ரோல், கைப்பேசி, தவணை எல்லாவற்றையும் கூட்டிச் சம்பளத்தில் கழித்தால் பத்தாயிரம் மிஞ்சியது. அதை அப்படியே கடனுக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது மாதம் பள்ளிக் கட்டணம். அடுத்து வண்டிக்குக் காப்பீடு. ஆவணி பிறந்ததும் நான்கு கல்யாணப் பத்திரிகைகள், அதில் ஒன்று நாத்தனார் வீட்டு விசேஷம். சீர் வைக்காமல் போக முடியுமா? கடன் அட்டையைத் தேய்த்தோம். எட்டரை சதவீதக் கடனைக் குறைக்க அனுப்பிய பணத்துக்கு ஈடாக, ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடிய கடனை வாங்கியிருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

மாதாமாதம் வராத செலவுதான் நம் குடும்பங்களின் உண்மையான செலவு. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளியும் பொங்கலும் ஊர்த் திருவிழாவும் ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றோடு மொய். பலரும் இதை எதிர்பாராத செலவு என்கிறார்கள். என் மாமியார் ஒருநாள் மொய் நோட்டை எடுத்து என் முன்னால் வைத்து, “இதில் இருப்பது எல்லாம் நாம் வாங்கியதுதானே அம்மா, திருப்பிச் செய்ய வேண்டாமா?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அதுவும் கடன்தான், தேதி மட்டும்தான் தெரியாது.

எனவே போன வருடத்தின் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து உட்காருங்கள். மாதக் கணக்கில் சேராத ஒவ்வொரு செலவையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்ததும் வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இப்படிச் செய்தபோது எங்கள் பத்தாயிரம் ஐயாயிரமாகச் சுருங்கிவிட்டது. மனம் சோர்ந்துதான் போனது. ஆனால் அந்த ஐயாயிரம் உண்மையானது; எந்த மாதமும் அது தவறவில்லை.

ஐயாயிரம் என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன 40 லட்சக் கடனில் முதல் மாதத்திலிருந்தே மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவந்தால், வட்டி விகிதம் மாறாதிருந்தால், 240 மாதக் கடன் 177 மாதங்களில் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 13 லட்சம். மாதம் ஐயாயிரம் முடியாதவர்கள் தீபாவளி போனசிலிருந்து வருடத்துக்கு ஒரேயொரு தவணை கூடுதலாகக் கட்டினாலும் மூன்று வருடத்துக்கு மேல் குறையும்.

மாதக் கடைசியில் மிஞ்சுவதை அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். மிஞ்சாது. தவணை கழிந்த மறுநாளே கூடுதல் தொகையும் போய்விட வேண்டும்.

அனுப்பிய பணம் எங்கே சேர்ந்தது என்று பார்க்காதது

ஒருமுறை ஒரு லட்சம் ரூபாயைக் கடன் கணக்குக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் அது அசலில் கழிக்கப்படவே இல்லை. அடுத்து வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக அங்கேயே இருந்தது. ஒரு ரூபாய் வட்டிகூட மிச்சமில்லை. அசலில் கழிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்காததே காரணம். “பார்ட் பேமென்ட், அசலில் கழிக்கவும்” என்று தெளிவாகக் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு விவரம் எடுத்து, அசல் இறங்கியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அதோடு வங்கி இன்னொரு கேள்வி கேட்கும்: தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா? தவணை குறைந்தால் மாதம் கொஞ்சம் மூச்சு விடலாமே என்று பலரும் முதலாவதைச் சொல்லிவிடுகிறார்கள். அதே 40 லட்சக் கடனில் மூன்றாம் வருட முடிவில் 3 லட்சம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். காலம் மாறாமல் தவணையைக் குறைத்தால் மாதம் 2,785 ரூபாய் குறையும். கடன் முடியும்வரை மிச்சமாகும் வட்டி சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம். தவணை மாறாமல் காலத்தைக் குறைத்தால் 32 மாதம் முன்னதாகக் கடன் முடியும். மிச்சம் 8 லட்சத்தைத் தாண்டும். அதே மூன்று லட்சம்தான். வேலை நிலையில்லாத வீட்டுக்குத் தவணை குறைவதும் ஒரு பாதுகாப்பு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

கையிருப்பைத் துடைத்துக் கட்டுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இது. நெருங்கிய உறவினர் ஒருவர் சேமிப்பு, வைப்புநிதி, சீட்டு எடுத்த பணம் எல்லாவற்றையும் சேர்த்து எட்டு லட்சம் கட்டினார். ஐந்தாவது மாதம் வேலை போனது. போன மாதங்களில் அவ்வளவு கட்டியிருக்கிறோமே, இரண்டு தவணை பொறுக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். அசலில் கழித்த பணம் வரப்போகும் தவணைக்கு ஈடாகாது. அடுத்த மாதத் தவணை அடுத்த மாதம் வந்தே தீரும். கடைசியில் அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

ஆறு மாதத் தவணையும் ஆறு மாதக் குடும்பச் செலவும் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பிறகுதான் முன்கூட்டிக் கட்டுவதைப் பற்றியே யோசிக்க வேண்டும். சம்பாதிப்பவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடும் (காப்பீட்டுக் காலத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் அதற்கும் முன்னால். பிரீமியத்தை நிறுத்தி அசலில் கட்டுகிறவர்கள் வீட்டையே பணயம் வைக்கிறார்கள். நகைக்கடன், கடன் அட்டை பாக்கி, தனிநபர் கடன் இருந்தால் முதலில் அவற்றை முடியுங்கள். வட்டி அதிகமுள்ள கடனை விட்டுவிட்டுக் குறைந்ததை அடைப்பதில் லாபமில்லை.

வட்டி விகிதத்தைத் திரும்பிப் பார்க்காதது

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. அதையொட்டி வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. 6.75 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்கு மாதத் தவணை 30,415 ரூபாய். அதே வட்டி 9.25 ஆகும்போது 40 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 30,833. பழைய தவணை வட்டிக்கே போதாது. பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டதால், பலருக்கும் இது நடந்ததே தெரியவில்லை. இந்த நிலையைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்ற முடிவை வாடிக்கையாளரிடம் விட வேண்டும் என்று சொன்னது.

2025இல் ரெப்போ 6.5லிருந்து 5.25க்கு இறங்கியது. உங்கள் வட்டி இறங்கியதா? புதிதாக வருபவருக்கு உங்கள் வங்கி என்ன வட்டி தருகிறது என்று பார்த்து, உங்களுடையது அதைவிட அதிகமென்றால் மாற்றித் தரும்படி கேளுங்கள். ஒரு சிறு கட்டணம் இருக்கலாம். ரெப்போவோடு இணைக்காமல் பல வருடம் பழைய வட்டி முறையிலேயே விடப்பட்ட கடன்களில்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கிறது. வட்டி இறங்கித் தவணையும் குறைந்தால், குறைந்த தொகையைச் செலவில் கரைய விடாமல் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். வீட்டில் யாருக்கும் எந்தச் சிரமமும் தெரியாது.

வருமான வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும். பழைய வரி முறையில், சொந்தக் குடியிருப்புக்கு வட்டியில் 2 லட்சம் வரைதான் கழிவு. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சமாகும் வரி, கூடுதல் வரியையும் சேர்த்து 62,400 ரூபாய். நம் உதாரணக் கடனின் முதல் வருட வட்டியோ 3 லட்சத்து 37 ஆயிரம். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவும் கிடையாது.

கடைசித் தவணையோடு நின்றுவிடுவது

கடன் முடிந்ததும் இனிப்பு வாங்கி வந்து கொண்டாடிவிட்டுப் பத்திரங்களை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எல்லாப் பாக்கியும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. கடன் தீர்ந்ததற்கான சான்றை வாங்குங்கள். கொடுக்கும்போது எழுதிய ஆவணப் பட்டியலோடு தாய்ப்பத்திரம் உள்பட ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். கடன் வாங்கும்போது எம்ஓடி (பத்திரங்களை வங்கியில் ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணத்தை வங்கி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தர வேண்டும். அதன் பிறகு வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்தக் கடைசிப் பதிவு வில்லங்கத்தில் ஏற இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. அந்தத் தாளையும் என் கணவர் மடித்துத்தான் வைத்தார், மொய் நோட்டுக்குப் பக்கத்தில்.