புன்டா கானாவில் ஒரு நாள்: ஸ்கேப் பார்க்குக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

டொமினிகன் குடியரசின் கிழக்கு மூலையில் இருக்கிறது புன்டா கானா. விடுமுறைக்கு அங்கே போகும் பலர் கடற்கரை ஹோட்டலை விட்டு வெளியே வராமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு நாள் வெளியே வர மனமிருந்தால், விமான நிலையத்துக்குத் தெற்கே காப் கானாவில் உள்ள ஸ்கேப் பார்க்குக்குப் போங்கள். கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைன், குகை, காட்டு நடை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் நான் போகச் சொல்வது ஓயோ அசுலுக்காக. ஸ்பானிய மொழியில் அதற்கு நீலக் குழி என்று பொருள். சுமார் 75 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவரின் காலடியில், கிட்டத்தட்ட 14 மீட்டர் ஆழமுள்ள நன்னீர்க் குளம் அது.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதற்காக அந்த மாதங்களில் தினமும் புயல் அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். பயணத் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டாக வாங்கினால் போதும்.

நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் இ-டிக்கெட் என்ற இணையப் படிவம் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பார்க் சீட்டை இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஹோட்டலிலிருந்து வண்டி, மதியச் சாப்பாடு, எந்தெந்த விளையாட்டு இதெல்லாம் சேர்ந்ததா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள். முடிந்தவரை காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள்.

படி 2: உடம்பில் எதுவும் பூசாமல் கிளம்புங்கள்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் முறை போனபோது, வெயிலுக்குப் பயந்து கழுத்து முதல் கால் வரை சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கிளம்பினேன். குளத்தில் இறங்குவதற்கு முன் அவ்வளவையும் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை. அதற்குள் நீரில் வெளிச்சம் விழும் நேரமும் போய்விட்டது.

ஏன் இவ்வளவு கறார் என்று அப்போது புரியவில்லை. அங்கே நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஒரு காலத்தில் கடலடியில் பவளமாக இருந்து மேலே எழுந்தது. மழை மேலே ஓடாது, பாறை இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடும். அடியில் ஊடுருவி நிற்கும் கடலின் உப்புநீர் மேல் நன்னீர் ஒரு படலமாக மிதக்கிறது. பாறை கரைந்து, கூரை இடிந்து விழுந்த இடத்தில் அந்த நிலத்தடி நீர் வெளியே தெரிகிறது. அந்த வாசல்தான் ஓயோ அசுல். அதில் கலக்கும் எண்ணெயும் வாசனைத் தைலமும் நிலத்துக்குள்ளேயே போகும். நம் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றில் சோப்பு போட்டுக் குளிப்போமா? அதே கணக்குதான்.

அதனால் க்ரீமுக்குப் பதில் துணி. முழுக்கை நீச்சல் சட்டை, முட்டிக்குக் கீழே வரும் நீச்சல் கால்சட்டை, தொப்பி. பருத்திச் சுடிதார் வேண்டாம், நனைந்தால் கனத்துவிடும். தலைக்கு எண்ணெயும் அன்று வேண்டாம். காலுக்கு, பின்பக்கம் பட்டை உள்ள ரப்பர் செருப்போ, தண்ணீரில் போடும் ஷூவோ தேவை. ஹவாய்ச் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும். சன்ஸ்கிரீனைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளத்தை முடித்துவிட்டுப் பூசலாம்.

படி 3: முதலில் குளம்

வந்தவுடன் எல்லோரும் ஜிப்லைன் பக்கம் போவார்கள். நீங்கள் குளத்துக்கு நடங்கள். வழியில் செம்பு நிறப் பட்டை காகிதம்போல் உரிந்து தொங்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். அல்மாசிகோ என்பார்கள். வெயிலில் தோல் உரிந்த சுற்றுலாப் பயணி மாதிரி இருப்பதால் கரீபியத் தீவுகளில் அதற்கு 'சுற்றுலாப் பயணி மரம்' என்றும் பெயர். மற்ற செடிகளைத் தொட வேண்டாம். குவாவோ என்ற செடி பட்டால் தோல் கொப்பளிக்கும், புதியவர்களுக்கு அதை அடையாளம் தெரியாது.

நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம், லைஃப் ஜாக்கெட் தருவார்கள். போட்டபின், தோள்பட்டைப் பகுதியை யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை எழும்பினால் தளர்வு, பட்டைகளை இன்னும் இறுக்குங்கள். அப்புறம் மெதுவாக இறங்குங்கள். தண்ணீர் சில்லென்று இருக்கும், முதல் நிமிடம் மூச்சு முட்டுவது போலத் தோன்றும். கை கால்களை உதறாமல் மல்லாந்து மிதந்தால் சரியாகிவிடும்.

அப்படி மிதந்தபடி மேலே பாருங்கள். பாறைச் சுவர் முழுக்க வேர்கள் விழுதுபோல் இறங்கியிருக்கும். நடுவில் ஒரு துண்டு வானம். காதுகள் நீருக்குள் இருப்பதால் மற்றவர்கள் பேச்சு கேட்காது, உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். தெளிந்த நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதாலும், வெளிறிய பாறை மிச்ச ஒளியைத் திருப்பி அனுப்புவதாலும்தான் அந்த நீலம். கையில் அள்ளினால் நிறமே இல்லை. நான் நாலைந்து முறை அள்ளிப் பார்த்தேன்.

படி 4: ஜிப்லைன்

குளத்துக்குப் பிறகு இது. இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை கட்டி, கொக்கியை மேலே கம்பியில் ஓடும் கப்பியில் மாட்டுவார்கள். துப்பட்டா கூடாது, பின்னலை ஹெல்மெட்டுக்குள் செருகுங்கள், தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கப்பிக்கு முன்னால் கம்பியை ஒருபோதும் பிடிக்காதீர்கள், விரல் நசுங்கும். 'லிஸ்தோ?' என்று கேட்டால் 'தயாரா?' என்று அர்த்தம். தயாராக இல்லையென்றால் தயங்காமல் 'நோ' சொல்லுங்கள், காத்திருப்பார்கள். கர்ப்பிணிகளும், முதுகு அல்லது இதய நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு உயர அளவு உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 5: சாப்பாடு

சைவக்காரர்கள் 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கும் மாட்டிறைச்சி நினைவுக்கு வரும், கோழி வந்துவிடும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் மூன்றும் இல்லாமல். அந்த நாட்டில் எங்கேயாவது 'மோரோ தே குவாந்துலெஸ்' கிடைத்தால் விடாதீர்கள். குவாந்துலெஸ் வேறொன்றும் இல்லை, நம் துவரைதான். பருப்பாக உடைக்காமல் முழுசாக அரிசியோடு வேகவைப்பார்கள். பன்றி இறைச்சி சேர்த்தும் சமைப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். வழிகாட்டிக்கு இனாமாகக் கொடுக்கச் சில சின்ன டாலர் நோட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், நனையாத உறையில்.