செம்மண்ணில் கத்தும் மெட்டல் டிடெக்டரை அடக்குவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டனோலி, மோலியாகுல் பக்கம் தங்கம் தேடப் போகிறவர்கள் முதலில் திட்டுவது மெஷினைத்தான். 1869-ல் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்ற ராட்சதத் தங்கக்கட்டி கிடைத்த இடம் அது. ஆனால் அந்த மண்ணில் இரும்புத் தாது அதிகம், தரைமேல் வீசும் வட்டமான காயிலை அசைத்தாலே மெஷின் கத்தும்.

உடனே கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் சிக்னலை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்யுங்கள். உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரைக்கும் ஒரு சாண் உயரத்துக்கும் நடுவே மேலும் கீழுமாக ஆட்டி, சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வரும்வரை சரிசெய்ய வேண்டும். நாலு அடி தள்ளி மண் நிறம் மாறினால் மறுபடியும் செய்யுங்கள், சோம்பல் படாதீர்கள்.

அப்புறம் சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு சன்னமான சிக்னலை மெஷின் பிடிக்கும் என்ற அளவு. இதைக் குறைக்க யாருக்கும் மனசு வராது, ஆழம் போய்விடுமே என்ற பயம். கூட்டினால் தங்கத்தின் சத்தத்தோடு மண்ணின் சத்தமும் சேர்ந்துதானே ஏறும்? மெஷின் அமைதியாகும்வரை குறையுங்கள், சன்னமான சிக்னல் அப்போதுதான் காதில் விழும். சின்ன காயில் மாட்டினால் இன்னும் நல்லது, ஒரே நேரத்தில் அது பார்க்கும் மண் குறைவு. மெதுவாக வீசுங்கள், ஓரத்தில் காயிலைத் தூக்காதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் பல்ஸ் இன்டக்‌ஷன் மெஷின்தான் வழி. அது மண்ணுக்குள் பல்ஸ் எனும் காந்தத் துடிப்பை அனுப்பி, அதை நிறுத்திய பிறகே காது கொடுப்பதால் மண்ணின் தொல்லை பெருமளவு குறையும். விலை கூடுதல், ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதிலும் சுமார்தான், அதனால் துருப்பிடித்த ஆணி நிறையத் தோண்ட வேண்டியிருக்கும்!

'ஹாட் ராக்' என்கிற இரும்புச்சத்துக் கல் தங்கம் மாதிரியே ஏமாற்றும். சிக்னல் வந்ததும் குறுக்கே திரும்பி நின்று இன்னொரு முறை வீசிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் கூர்மையாக வந்தால் தோண்டலாம். கல்தான் வந்தது என்றால் அதைத் தூர எறிந்துவிட்டுக் குழியை இன்னொரு தடவை சோதியுங்கள், அடியில் வேறு ஏதாவது இருக்கலாம். பிறகு குழியை மூடிவிடுங்கள். விக்டோரியாவில் தேடுவதற்கு 'மைனர்ஸ் ரைட்' உரிமமும் கட்டாயம்.

ஈரமான உப்பு மண் தனிக்கதை, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு மண்ணுக்குச் செய்த பேலன்ஸ் அங்கே எடுபடாது. மெஷினில் உப்புக்கென்று தனி செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் காயிலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், அதுவும் சரிவராவிட்டால் நிலம் காய்ந்த பிறகு வாருங்கள்.