அடெலினா பாட்டியின் இசைத்தட்டுகள்: கேட்கும்போது செய்யும் தவறுகள்

பெயரைத் தமிழில் எழுதினால் சிரிப்பு வரும். ஆனால் இசைத்தட்டுக்குப் பாடியபோது, ஓபரா என்ற மேலைநாட்டு இசை நாடகத்தின் பாடகி அடெலினா பாட்டிக்கு நிஜமாகவே பாட்டி வயதுதான். பலர் சறுக்குவது இங்கேதான். நியூயார்க்கில் ஓர் ஓபராவில் லூசியா வேடத்தில் அவர் மேடையேறியது 1859-இல், 16 வயதில். வேல்ஸில் கிரெய்க்-இ-நோஸ் என்ற தன் மாளிகையில் தட்டுகளுக்குப் பாடியதோ 1905 டிசம்பரிலும் 1906-லும். இடையில் 46 வருடம். அதை மறந்துவிட்டு, "இந்தக் குரலுக்கா ஐரோப்பா மயங்கியது?" என்று கேட்பது அநியாயம். மூச்சு குறைந்திருக்கிறது, சரி. நடு ஸ்தாயியில் இன்னும் பழைய பளபளப்பு இருக்கிறதே!

அடுத்து, இயந்திரத்தின் குறையைப் பாடியவர் தலையில் கட்டுவது. அப்போது மைக் கிடையாது. பெரிய புனலுக்குள் பாட வேண்டும். அந்த அதிர்விலேயே முள் மெழுகைக் கீறும். மேல் ஸ்வரம் வந்தால் பாடகரைப் பின்னால் இழுப்பார்கள். பதிவு செய்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் அப்படி இழுத்தது பாட்டிக்குப் பிடிக்கவில்லையாம். (1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தவரும் இவரே.) மேல் ஸ்வரங்கள் சில இடங்களில் தள்ளிக் கேட்பதற்கும், பியானோ மங்கலாக இருப்பதற்கும் புனலும் ஒரு காரணம்.

வேகத்தையும் கவனியுங்கள். அன்று தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 74 சுற்றுக்கும் குறைவாகப் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். குரல் கீச்சென்று ஒலிக்கும். இசைத்தாளில் உள்ள சுருதியைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்யலாமே என்றால், அதுவும் ஆபத்து. வயதான பாடகர்கள் சுருதியை இறக்கிப் பாடுவது சகஜம்.

அசல் அரக்குத் தட்டு கையில் இருந்தால் பிற்காலத்து எல்பி தட்டுக்கான முள்ளை வைக்காதீர்கள். பள்ளம் அகலமானது, மெல்லிய முள் அடியில் கிடந்து உரசும். டிஜிட்டல் பிரதி என்றால், இரைச்சலை முழுக்கத் துடைத்ததை வாங்காதீர்கள். கரகரப்போடு சேர்ந்து குரலின் ஓரமும் போய்விடும்.

ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அவர் வழுக்கிப் போவதையும், காலப்பிரமாணத்தை இழுப்பதையும் பிழை என்பவர்கள் உண்டு. கமகத்தோடு வளர்ந்த காதுக்கு அதெல்லாம் உறுத்தாது. இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் பெல்லினி இறந்தது 1835-இல், பாட்டி பிறந்தது 1843-இல். பெல்லினி காலத்துப் பாடும் பாணி இன்னும் உயிரோடு இருந்தபோது கற்றவர் அவர். பெல்லினியின் 'ஆ நோன் க்ரெதேயா' தட்டிலிருந்து தொடங்குங்கள். 'லா சொன்னாம்புலா' ஓபராவின் நாயகி, தூக்கத்தில் நடக்கும் அமீனா, கையிலுள்ள வாடிய பூக்களைப் பார்த்துப் பாடுவது அது.