மின் திட்ட அட்டவணையில் அணு உலையை எழுதுபவர்களுக்கு

போன மாதம் மூன்று இளைஞர்கள் ராமநாதபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, 2047 வரைக்கான மின் திட்டம் ஒன்றைக் காட்டினார்கள். அந்த ஆண்டுக்குள் நாட்டின் அணுமின் திறனை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்துவோம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள் அல்லவா, அதை ஒட்டிய ஆர்வம். மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் என்னுடைய பழைய கோப்பையே பார்ப்பது போலிருந்தது.

மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே யாராவது சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள். யாரும் சுழிக்காமல் விடும் தவறுகள்தான் ஆபத்தானவை.

தேதியை நம்புவது

ஓய்வு பெறும் முன் மின் தேவைக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. 2009-ல் மண்டபத்தில் ஐஸ் ஆலை வைத்திருந்த என் மைத்துனர் கேட்டார்: "அத்தான், பெரிய ஜெனரேட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிப் போடட்டுமா?" நான் அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னேன். "கூடங்குளம் வந்துகொண்டிருக்கிறது மாப்பிள்ளை. வீணாகக் கடன் வாங்காதே."

2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பாதி நாளுக்கும் மேல் மின்சாரம் இல்லை. உப்புக் கரைசல் தொட்டியின் குளிர் இறங்கிவிட, ஐஸ் பார்கள் நடுவில் உறையாமல் தண்ணீரோடு வெளியே வந்தன. விசைப்படகுக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு ஜெனரேட்டர் வைத்திருந்த ஆலைக்குப் போய்விட்டார்கள். மைத்துனர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். கட்டுமானம் தொடங்கியது 2002-ல். முதல் உலை 2007 டிசம்பரில் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தேதி தவறியது 2009-ல் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, பழைய தேதியை அடித்துவிட்டு, புதிய தேதியை அதே நம்பிக்கையோடு அதே கட்டத்தில் எழுதினேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. பிறகு 2011-ல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்து, கூடங்குளம் உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம். மக்களின் அச்சத்தைத் தடங்கல் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது ஆண்டுக்குத் திட்டம் எழுதுகிறவன் அதற்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.

முதல் உலை மின் தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபரில். வணிக உற்பத்தி அறிவித்தது 2014 டிசம்பர் 31-ல். இடைப்பட்ட பதினான்கு மாதங்கள் சோதனைக்கும் நிறுத்தத்துக்கும் போயின. அதிலும் நம் மாநிலப் பங்கு 1,000 அல்ல, 462.5 மெகாவாட். நானோ 2010-ன் கட்டத்தில் முழு ஆயிரத்தையும் எழுதி வைத்திருந்தேன்!

தாமதம் செலவையும் சும்மா விடாது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கும் சேர்த்து 13,171 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 22,000 கோடியைத் தாண்டியது. அணுமின்சாரத்தில் எரிபொருள் மலிவு. போட்ட முதலுக்கான வட்டிதான் கழுத்தைப் பிடிக்கும்.

இளைஞர்களிடம் ஒன்றுதான் சொன்னேன். அணு உலை வரிசையை முழுதாக ஐந்து ஆண்டு வலப்பக்கம் நகர்த்துங்கள். நடுவில் விழும் பள்ளத்தை எதைக் கொண்டு மூடுவீர்கள் என்று எழுதுங்கள். அதை எழுதிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உலை ஏப்ரல் மாலையில் திடீரென்று நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் போகும். ஒருவர் முகம் சுளித்தார். "அப்படிப் பார்த்தால் அணுமின்சாரமே வேண்டாம் என்று ஆகிவிடுமே, ஐயா?" ஆகாது. இரவும் பகலும் ஒரே சீராக, கரிப்புகை இல்லாமல் ஓடும் உலை நீண்ட காலத்துக்குத் தேவை என்றுதான் நானும் நினைக்கிறேன். வருகிற வரைக்கும் விளக்கு எரிய வேண்டுமே என்பதுதான் என் கவலை.

கடல் இருக்கிறதே என்று புள்ளி வைப்பது

அந்த இளைஞர்கள் வரைபடத்தில் புதிய உலைக்கான இடமாகத் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். கூடங்குளம் வகை உலை 3,000 மெகாவாட் வெப்பத்தில் 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மிச்ச வெப்பத்தைக் கடல்நீர்தான் ஏற்க வேண்டும். பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது. கடற்புல்லும் நண்டும் இறாலும் அதன் சொத்து. சரி, பாம்பனுக்குத் தெற்கே போகலாம் என்றால், அங்கே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வரைபடத்தில் கை வைக்கும் முன் ஒரு நாள் விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களோடு நின்றுவிட்டு வாருங்கள்.

வெயிலா, அணுவா என்று கேட்பது

கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இரவு ஏழு மணிக்குப் பூஜ்யம். கூடங்குளம் நண்பகலிலும் குறைத்துக்கொள்ளாது. இரண்டையும் ஒரே தாளில், மணி வாரியாக எழுதுங்கள்.

கழிவைப் பின்னிணைப்பில் தள்ளுவது

தள்ளாதீர்கள்.

2040-ல் தோரியம் என்று எழுதுவது

அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியம் மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்துவது நாட்டின் மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் மூன்றாவது கட்டம். இரண்டாவது கட்டத்துக்கான கல்பாக்கம் 500 மெகாவாட் ஈனுலையை, அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலையை, கட்டத் தொடங்கியது 2004-ல். அதன் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். அந்த வரியை அழித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.