மெத்தைக்குள் இருந்த தும்மல்

காலையில் கண் விழித்ததும் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு. வெளியே கிளம்பிவிட்டால் சரியாகிவிடும். மருத்துவர் தோலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துவிட்டு, தூசி உண்ணிதான் காரணம் என்றார்.

மூட்டைப்பூச்சி மாதிரி இது கடிக்காது. சுமார் 0.3 மி.மீ. நீளம், எட்டுக் கால். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் தீனி. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம். அதனால்தான் மருந்து அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்ணி செத்தாலும் எச்சம் மெத்தையிலேயே கிடக்குமே!

மெத்தை, தலையணை இரண்டுக்கும் நெருக்கமாக நெய்த ஜிப் உறை போட்டேன். பெரிய வித்தியாசம் தெரிந்தது இதில்தான். விரிப்பும் உறைகளும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். குளிர்ந்த நீர் எச்சத்தை ஓரளவு அலசும், உண்ணியைக் கொல்லாது. சூடு தாங்காத பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவைத்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், போகட்டும்.

கம்பளத்தை எடுத்தாயிற்று. தூசியை ஈரத்துணியால்தான் துடைப்பது.

அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்ததில் ஈரப்பதமானி 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. அந்த வறட்சியில் உண்ணிகள் பெருகுவதில்லை. தும்மல் அடியோடு போகவில்லை. ஆனால் மாத்திரையைத் தேடுவது அபூர்வமாகிவிட்டது.