வேளாண் நிலமும் பிறப்பு விகிதமும்: நாடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் வேளாண் நிலத்தையும் பிறப்பு விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, தரவு பழகுகிறவர்களுக்குப் பிடித்த பயிற்சி. இரண்டு வரிசைகளும் உலக வங்கித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, எக்செலில் போட்டால் வரைபடம் வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. பாதி நானும் செய்தவைதான். காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக எடுப்பது, நாட்டின் பெயர் பொருந்தாமல் வரிசை நழுவுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் தானே தெளிந்துவிடும்.

மேய்ச்சல் நிலத்தை வயலாக எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘வேளாண் நிலம், மொத்த நிலப்பரப்பில் சதவீதம்’ என்று பார்த்ததும் எல்லாருக்கும் நெல்லோ கோதுமையோ விளையும் வயல்தான் மனதில் வரும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்போ அதில் மூன்றைச் சேர்க்கிறது: உழுது விதைக்கும் நிலம், நிரந்தரப் பயிர்கள் நிற்கும் தோட்டம், நிரந்தர மேய்ச்சல் நிலம். உலகின் வேளாண் நிலம் ஏறக்குறைய 480 கோடி ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மேய்ச்சல்.

இதன்படி இந்தியாவுக்கு சுமார் 60 சதவீதம் வருகிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத சவூதி அரேபியாவுக்கு 80! மங்கோலியாவுக்கு 70-க்கும் மேல். அங்கே உழுது விதைக்கிற நிலம் ஒரு சதவீதத்தைத் தொடாது.

ஒரு நிறுவனத்தின் அறிக்கை அச்சுக்குப் போகும் நேரத்தில் என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். வேளாண்மை செழித்த நாடுகளில் குடும்பம் எவ்வளவு பெரியது என்று ஓர் அத்தியாயம். பட்டியலின் தலைப்பகுதியில் சவூதியும் கஜகஸ்தானும். வயல் வேலைக்குக் கைகள் வேண்டும், அதனால்தான் அங்கெல்லாம் பிள்ளைகள் அதிகம் என்று ஒரு முழுப்பக்க விளக்கம் வேறு. பாலைவனத்தில் அந்தக் கைகளுக்கு எந்த வயலில் வேலை என்று கேட்டேன். “தரவு அப்படித்தான் சொல்கிறது” என்றார்கள். அத்தியாயம் போயிற்று, அதை நம்பி எழுதிய முடிவுரையும் போயிற்று, அச்சும் தள்ளிப்போயிற்று. வரிசையின் வரையறை நாலைந்து வரிதான். அதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

சரி, உழுது விதைக்கும் நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர் அடுத்த பள்ளத்தில் விழுவார். அந்த வரிசையில் ரப்பர், தென்னை, தேயிலை, எண்ணெய்ப்பனை எதுவும் வராது. மலேசியா அதில் இரண்டரை சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்குள்ள எண்ணெய்ப்பனைத் தோட்டங்களோ அதைப் போலப் பல மடங்கு. உழும் நிலத்தையும் நிரந்தரப் பயிர் நிலத்தையும் கூட்டி, சாகுபடி நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் தனிப் பத்தியில் இருக்கட்டும். அப்போதும் ஹெக்டேருக்கு ஹெக்டேர் விளைச்சல் வேறுபடும். எகிப்தில் நிலப்பரப்பில் சுமார் 4 சதவீதம்தான் சாகுபடி, ஆனால் நைல் பாசனத்தில் ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். உழும் நிலக் கணக்கில் அது ஒரு முறைதான் ஏறும்.

பிறப்பு விகிதத்தைக் குடும்ப அளவாகப் படிப்பது

பிறப்பு விகிதம் என்பது 1,000 பேருக்கு ஓராண்டில் எத்தனை பிறப்பு என்ற கணக்கு. அந்த ஆயிரத்தில் முதியவர்களும் ஆண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம். கத்தாரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆண்கள், பெரும்பாலும் வேலைக்காக வந்தவர்கள். அங்கே விகிதம் தாழ்ந்திருப்பதை வைத்து, பெண்கள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்கு 2.0 குழந்தைகள். ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்ததால் நிரப்பத் தேவையான பதிலீட்டு மட்டமான 2.1-க்கும் கீழே. ஆனாலும் இளவயதினர் அதிகம் என்பதால் பிறப்புகள் இறப்புகளை விஞ்சி நிற்கின்றன. குடும்ப அளவைப் பற்றிப் பேச வேண்டுமானால் மொத்தக் கருவள விகிதத்தை, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற கணக்கை, எடுங்கள்.

மக்கள்தொகையால் இரண்டு பக்கமும் வகுப்பது

தலைக்கு இத்தனை ஹெக்டேர், ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மக்கள்தொகை. பொதுவான வகுஎண் இருந்தால், சம்பந்தமே இல்லாத இரண்டு அளவுகளுக்குள்ளும் ஒட்டுறவு (சேர்ந்தே ஏறி இறங்குவது போன்ற தொடர்பு) முளைக்கும் என்று புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897-லேயே காட்டிவிட்டார். போதாததற்கு அம்புக்குறி திரும்பியும் நிற்கலாம்: பல தலைமுறைகளாகப் பிறப்பு கூடியதால்தான் தலைக்குரிய நிலம் சுருங்கியிருக்கும். நிலம் குறைந்ததால் பிறப்பு மாறியது என்று அதே புள்ளிகளை வைத்து எழுதுகிறவர்களுக்கு அது கண்ணில் படாது.

ஒரே ஆண்டை நம்புவது

ஜப்பானில் மொத்தக் கருவள விகிதம் 1965-ல் 2.14, 1966-ல் 1.58, 1967-ல் 2.23. நடுவில் வந்தது அவர்களின் மரபு நாட்காட்டியில் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. வயல்கள் அந்த ஓராண்டு எங்கும் ஓடிப்போகவில்லை. ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள்.

நிலத்தை மட்டுமே காரணமாக்குவது

சிங்கப்பூரிலும் எகிப்திலும் நிலப்பரப்பில் வேளாண்மைக்கான பங்கு மிகக் குறைவு. முன்னதில் 2023-ல் ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை. பின்னதில் இரண்டுக்கும் மேல். பெண்கல்வி, குழந்தை இறப்பு, வருமானம் மூன்றையும் பத்திகளாகச் சேர்த்த அப்புறம் கோடு வரையுங்கள்.

தொகுப்பு வரிசைகள்

நாட்டுப் பட்டியலுக்குள் வரும் ‘உலகம்’, ‘அரபு உலகம்’ இரண்டும் நாடுகள் அல்ல. அழியுங்கள்.

புள்ளியின் எடை

வரைபடத்தில் குட்டித் தீவு நாடான துவாலுவும் ஒரு புள்ளி, இந்தியாவும் ஒரு புள்ளி. இரண்டுக்கும் ஒரே எடை என்று எண்ணிவிடாதீர்கள்.

எல்லை மாறிய நாடுகள்

தெற்கு சூடான் பிரிந்த 2011-க்கு முந்தைய சூடான் வேறு, பிந்தைய சூடான் வேறு. ஒரே கோட்டில் இணைக்காதீர்கள்.