கூகைப் பொம்மை தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் ஏதாவது ஒரு புதுக் குழு கூகை என்ற ஆந்தையின் பொம்மையைத் தைக்க உட்கார்ந்துவிடுகிறது. மகிழ்ச்சிதான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டமான தென்னமரம் 1917-இல் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். செம்பனை இருந்தால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே கூகை வரும். எங்கள் பிள்ளைகள் தினமும் அதன் பக்கத்திலேயே தூங்குகிறார்கள், ஆனால் அதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தப் பொம்மை.

அண்மையில் ஒரு குழு தைத்த மாதிரிப் பொம்மையை வாங்கிப் பார்த்தேன். பழைய தவறுகள் ஒன்று விடாமல் இருந்தன. தையல் பிரிவது, பஞ்சு பிதுங்குவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நாலு பொம்மை தைத்தால் கை தானாகப் பழகிவிடும். பறவையையே தப்பாகச் சொல்லிக்கொடுக்கும் தவறுகள்தான் என் கவலை.

காது வைப்பது

கூகையின் தலையில் நிமிர்ந்து நிற்கும் இறகுக் கொத்து கிடையாது. வெட்டிவிடுங்கள்.

மஞ்சள் கண்

கூகையின் கண் கறுப்பு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.

முகத்தை வட்டமாக வெட்டுவது

கூகையின் முகம் இதய வடிவம். நெற்றியிலிருந்து அலகு வரை நடுவில் ஒரு மடிப்பு இறங்கும், இரண்டு பக்கமும் வெள்ளை இறகுகள் தட்டுப் போலக் குழிந்திருக்கும். அது அழகுக்கு இருப்பதல்ல. எலி காய்ந்த மட்டைக்கடியில் ஓடும் சின்னச் சத்தத்தைத் திரட்டிக் காதுக்குக் கொண்டுபோவது அந்தக் குழிதான். காதுத் துளைகள் இறகுக்குள் மறைந்திருக்கும். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அதனால்தான் கும்மிருட்டிலும் எலி எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. முகத்துக்கு இரண்டு அடுக்குத் துணி வைத்து நடுவில் ஓட்டுத்தையல் போட்டு இழுத்தால் அந்த மடிப்பு நன்றாக விழும். பிள்ளைகள் முதலில் விரலை வைத்துத் தடவுவதே அங்கேதான்.

உடல் முழுக்க வெள்ளைத் துணி போடுவதும் கூடாது. அது பனிப் பிரதேசத்து ஆந்தை. நம் கூகைக்கு முதுகு பொன்பழுப்பு, அதன்மேல் சாம்பல் தூவல். மார்பு வெளிர் நிறம், சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். கால் நீளம். காலை விட்டுவிட்டுப் பந்து மாதிரி உருட்டினால் அது எந்தப் பறவையும் இல்லை.

‘ஊ... ஊ...’ என்று கத்தும் பெட்டி

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

வயிற்றை அமுக்கினால் சத்தம் போடும் சின்னப் பெட்டியை எல்லாரும் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் இணையத்தில் ‘ஆந்தைச் சத்தம்’ என்று விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் ‘ஊ... ஊ...’ என்று கூவும். கூகை அப்படிக் கூவவே கூவாது. பறந்துகொண்டே ‘ஷ்ர்ர்ரீ’ என்று தொண்டை கிழிய அலறும். கூகை குடியிருக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டு அதன்மேல் வைக்கும் கூட்டுப் பெட்டிக்குள் இருக்கும் குஞ்சுகள் இரை கேட்டு இரவு முழுக்கச் சீறும். யாரோ பக்கத்தில் குறட்டை விடுவது போலவே இருக்கும். கூவும் ஆந்தைகள் வேறு, அவையும் நம் பக்கம் உண்டு. சொல்லிக்கொடுக்க வந்தது கூகையை.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குழு மொத்தமாக இந்தப் பெட்டிகளை வரவழைத்து, உள்ளே வைத்துத் தைத்து, பாலர் பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுத்துவிட்டது. சத்தம் தப்பு என்று கேட்டபோது விற்றவர் சொன்ன பதில், ‘ஆந்தை ஆந்தைதானே’. பணம் திரும்பி வரவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை.

அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பின்னால் கம்பத்தில் ஒரு கூகைப் பெட்டி இருந்தது. அந்தப் பருவத்தில் உள்ளே குஞ்சுகள். இரவில் சீறல் கேட்டதும் பையன்கள் ‘பேய்’ என்று கல்லெறிந்தார்கள், அப்புறம் மூங்கிலால் குத்தினார்கள். இரண்டு குஞ்சுகள் கீழே விழுந்து செத்தன. மறுநாள் போய்க் கேட்டேன். எட்டு வயதுப் பையன், பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: “அது ஆந்தை இல்ல டீச்சர். ஆந்தை இப்படித்தான் கத்தும்.” சொல்லிவிட்டு வயிற்றை அமுக்கிக் காட்டினான். ‘ஊ... ஊ...’

அவன்மேல் என்ன குற்றம்? பொம்மை சொன்னதை நம்பினான். வீட்டில் பாட்டி கூகையைச் சாக்குருவி என்று சொல்லி, அது கத்தினால் சாவு விழும் என்கிறார். அந்த அலறலும் பொம்மையின் கூவலும் வேறு வேறு என்பதால், பொம்மை நல்ல ஆந்தை, வெளியே கத்துவது சாக்குருவி என்று அவன் மனதில் பிரிந்துபோய்விட்டது. பொம்மையே இல்லாமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். போன மாதம் பார்த்த மாதிரிப் பொம்மையிலும் அதே பெட்டி. அமுக்கியதும் கீழே வைத்துவிட்டேன்.

என்ன செய்யலாம்? சில நொடிகள் குரல் பதிவு செய்துகொள்ளும் வெற்றுப் பெட்டி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பறவை ஒலிகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஸெனோ-கேண்டோ தளத்தில் டைட்டோ ஜவானிகா என்ற அறிவியல் பெயரைப் போட்டுத் தேடினால் நம் கூகையின் குரலே கிடைக்கும். பதிவு செய்தவர் விதித்திருக்கும் உரிமத்தை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்; பல பதிவுகளை விற்பனைப் பொருளில் சேர்க்க அனுமதி இல்லை. நீங்களே பதிவு செய்வதாக இருந்தால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். கூட்டுப் பெட்டிக்கடியில் போய் நிற்க வேண்டாம்.

அலறல் ஒன்று, குஞ்சின் சீறல் ஒன்று, இரண்டும் வேண்டும். ‘பிள்ளைகள் பயப்படுவார்கள்’ என்று எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவர் தடுப்பார். முதல் தடவை பயப்படட்டும். பகல் வெளிச்சத்தில், டீச்சர் மடியில், தானே அமுக்கி வரவழைத்த சத்தத்துக்கு ஒரு பிள்ளை எத்தனை தடவை பயப்படும்? பாட்டியைத் திட்டவும் வேண்டாம். பொம்மையை அவரிடமே கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். “ஆமா, இதேதான் கத்தும்” என்று பாட்டி வாயாலேயே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பொம்மை தயாரானதும் தோட்டத்தில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய் அமுக்கிக் காட்டுங்கள். அவர் தலையசைக்கும் வரை மீதியைத் தைக்காதீர்கள்.

பொத்தான் பேட்டரி உள்ள பெட்டி என்றால் திருகாணி போட்ட மூடியாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எலியை விட்டுவிடுவது

எலி இல்லாத கூகைப் பொம்மையால் பாதிப் பாடம் போய்விடுகிறது. கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் கறுத்த உருண்டையாகக் கக்கும். வாயில் ஒரு பிளவு, வயிற்றில் ஒரு பை வைத்துத் தையுங்கள். துணி எலியை உள்ளே தள்ளலாம். பையில் ஏற்கனவே இருக்கும் சாம்பல் நிற உருண்டையை வெளியே இழுத்துப் பிரித்தால் வெள்ளைத் துணியில் ஒரு மண்டையோடு, தாடை, நாலு எலும்பு. புதியவர்கள் இதை அருவருப்பு என்று ஒதுக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை. ஒரு தடவை விளையாடியவன் கம்பத்தடியில் கிடக்கும் நிஜ உருண்டையைப் பார்த்ததும் நின்றுவிடுவான். கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அட்டையில் பொத்தாம் பொதுவாக எழுதுவது

‘ஆந்தை விவசாயியின் நண்பன்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நம் தோட்டத்தில் நடப்பதை எழுதுங்கள். எலி செம்பனைக் குலையிலேயே ஏறிப் பழத்தைக் கடிக்கிறது, காயையும் விடுவதில்லை. அதற்காகத்தான் ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒன்று என்று கம்பத்தில் பெட்டி வைக்கிறார்கள். கூகை முட்டைகளை ஒரே நாளில் இடாது. இட்டதும் அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் ஒரே பெட்டியில் பெரிய குஞ்சும் சின்னக் குஞ்சும் படிக்கட்டு போல வரிசையாக இருக்கும். வீரியமான எலி மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். இதையும் எழுதுங்கள், வீட்டுப் பின்புறத்தில் மருந்து வைக்கும் அப்பாவும் அந்த அட்டையைப் படிப்பார்.

மலாய் நண்பர்கள் வீட்டுக்கும் பொம்மை போகும் என்பதால் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

துவைக்க வழியில்லாமல் தைப்பது

சத்தப் பெட்டியை உள்ளே வைத்து மூடித் தைத்துவிடாதீர்கள். முதுகில் ஒட்டுப்பட்டி வைத்த பையில் போட்டால் எடுத்துவிட்டுத் துவைக்கலாம். சத்தம் தப்பாகப் போனால் மாற்றவும் செய்யலாம்.